அரைக் கிலோ குறைச்சு எழுதுங்க டீச்சர்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் இனி யாரும் என்னிடம் அறிக்கை கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். போன மாதம் இரண்டு பெண்கள் தென்காசியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். அங்கன்வாடி மேற்பார்வையாளர்களாகப் புதிதாகச் சேர்ந்தவர்கள். கையில் ஆளுக்கொரு டேப்லெட். தரவுகளைக் கொண்டு குழந்தைகளின் குடும்பங்களை மையத்தோடு எப்படி நெருங்க வைப்பது என்று அவர்களுக்கு ஒரு பயிற்சி நடக்கிறதாம். அதில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"நம்ம பக்கத்துல அதை மொதல்ல செஞ்சது நீங்கதான்னு சொல்லுதாங்க மேடம். நம்ம ஊழியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க," என்றாள் ஒருத்தி.

நான் அடக்கமாகச் சிரித்தேன். அப்படிச் சிரிப்பது அரசுப் பணியில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒன்று. உள்ளறையில் படித்துக்கொண்டிருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த என் மகன் தலையை நீட்டினான்.

"எழுதுங்கம்மா. ஆனா கைதட்டல் திட்டத்தை விட்டுராதீங்க."

விடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் மனையியல் படித்தவள். மேற்பார்வையாளராக வேலையில் சேர்ந்ததும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பப்பாளியின் பெருமை, காலுறையில் பொம்மை செய்வது, படிவம் நிரப்புவது ஆகிய மூன்றையும் கற்பித்தார்கள். பப்பாளியும் பொம்மையும் மறந்துவிட்டன. கடையநல்லூர்ப் பக்கம் சில காலம் இருந்தேன். அங்கே பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார்களில் பாதிப் பேரின் கையில், வளைகுடாவிலிருந்து ஒரு தகப்பன் வீடியோவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளையைத் தராசில் நிறுத்தினால் போனைத் தராசுக்கு நேராகப் பிடிப்பார்கள். இந்தத் தகப்பன்மாரை வருகையில் சேர்ப்பதா வேண்டாமா என்று மேலே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் எழுதிக் கேட்டதற்காக எனக்குப் புள்ளிவிவரத்தில் ஆர்வமுள்ளவள் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரோடுதான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவிலுள்ள மையங்களுக்கு மாற்றலாகி வந்தேன்.

வெளியாட்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு மையத்திலும் ஒரு டீச்சர், சமைக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் உதவியாளர். இப்படிப்பட்ட பல மையங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுபவர் மேற்பார்வையாளர். சரியாக இல்லாததைக் கண்டுபிடிப்பதும் அவர் வேலைதான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு எடை பார்ப்போம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. தராசைச் சமமான தரையில் வைக்க வேண்டும். எங்கள் மையங்கள் பலவற்றில் சமமான தரையைத் தேடுவதிலேயே காலைப்பொழுது போய்விடும். தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் செருப்பைக் கழற்ற வேண்டும், கனமான உடை இருந்தால் அதையும். பிறகு பிள்ளையை நடுவில் நிறுத்த வேண்டும். அது எதையும் பிடிக்காமல், யாரையும் உதைக்காமல், அசையாமல் நிற்கும்போது எண்ணைப் படிக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை அப்படி நிற்பது கண் இமைக்கும் நேரம். அதற்குள் படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல டீச்சர். படித்ததைச் செயலியில் ஏற்றினால் அது சரியான எடைக்குப் பச்சை, குறைந்தால் மஞ்சள், மிகவும் குறைந்தால் சிவப்பு என்று நிறம் காட்டும். கடைசியாக, எண்ணைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் மேம்படுத்தினேன்.

அப்போது எங்களுக்குத் திட்ட அலுவலராக இருந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. குரலை உயர்த்தவே மாட்டார். மேசையில் ஒரு கிண்ணத்தில் பொரிகடலை இருக்கும். நாம் பேசப்பேச ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மட்டும் அட்டவணையில் வைத்திருப்பார். மென்று கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. மெல்லுவது நின்றால் ஆபத்து. அதன் பிறகு, "ரொம்ப சந்தோஷம்" என்பார். கோபம் வந்தால் அவர் சொல்வது அது ஒன்றுதான். உண்மையான சந்தோஷம் வந்தால் என்ன சொல்வார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அவர் ஒருநாள், "பெத்தவங்க மையத்துக்குள்ள வரணும். வாசல்ல பிள்ளைய விட்டுட்டு ஓடக் கூடாது. தரவு இருக்கு, கலர் கலரா இருக்கு, அதை வச்சு ஏதாவது செய்யுங்க," என்றார்.

நான் செய்தேன். எடை பார்க்கும் நாளில் பெற்றோர் எல்லாரையும் வட்டமாக உட்கார வைப்பது. பிள்ளையின் பெயரையும் எடையையும் உரக்க அறிவிப்பது. பச்சை வந்தால் எல்லாரும் கைதட்டுவது. நன்றாக வளரும் பிள்ளைகளின் புகைப்படத்தைச் சுவரிலுள்ள பெரிய அட்டவணையில் எடையோடு ஒட்டுவது. பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பூரிப்பதில்லையா, அதுபோல.

முதலில் தொடங்கியது குற்றாலம் போகும் சாலையிலுள்ள ஒரு மையத்தில். அங்கே டீச்சர் பேச்சியம்மாள். முதலில் தராசில் ஏறியவன் முகிலன். கொழுகொழு என்று, கன்னத்தைக் கிள்ளாமல் யாரும் கடந்து போக முடியாத பையன். எப்போது போனாலும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மற்ற வேலையைப் பார்ப்பேன். அவனுடைய அப்பா கணேசன் சீசன் காலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர், மற்ற காலத்தில் ஆட்டோ. அம்மா இசக்கி, சாலையோரத்தில் ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கும் கடை.

"முகிலன், பதினேழு கிலோ!" என்று நானே அறிவித்து நானே முதலில் கைதட்டினேன். வட்டத்திலிருந்து ஒன்றிரண்டு கைகள் தயங்கித் தயங்கித் தட்டின. இசக்கி வெடுக்கென்று பையனைத் தராசிலிருந்து இறக்கி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவனுடைய படத்தை அட்டவணையின் உச்சியில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒட்டினேன்.

அடுத்த மாதம் பச்சைப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. மஞ்சளும் சிவப்பும் மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தன. நான் ஆராய்ந்தேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தாய்மார்கள் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகளே பச்சையில் இருப்பதால் அவர்களுக்கே கடைகளும் இருக்கின்றன, ஆகவே பச்சை குறைகிறது என்று ஒரு விளக்கம் எழுதி, படமும் வரைந்து கொண்டுபோனேன்.

திட்ட அலுவலர் மெல்லுவதை நிறுத்தினார்.

"சீசன் முடிஞ்சு ஒரு மாசம் ஆகுதே?"

"ஆமா மேடம்."

"ரொம்ப சந்தோஷம்."

நேராக மையத்துக்குப் போய்ப் பேச்சி டீச்சரைப் பிடித்தேன். அவர் மூன்று முறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நான்காவது முறை வாயைத் திறந்தார்.

"ஊரக் கூட்டி வச்சு, எம்புள்ள இத்தனை கிலோன்னு சொல்லிக் கைதட்டினா எந்தத் தாய் மேடம் வருவா? கண்ணு பட்டுராதா? போட்டோவ வேற ஒட்டி வச்சிருக்கிய. அந்த மேலத்தெரு பாப்பாவுக்குக் காய்ச்சல். 'ஒங்க மேடம் கைதட்டித் தட்டியே எம்புள்ளைய படுக்க வச்சிட்டாவ'ன்னு அவ அம்மா ஏசிட்டுப் போறா."

நானும் இந்த ஊர்க்காரிதான். என் மகன் பிறந்தபோது கன்னத்தில் மைப்பொட்டு வைக்காமல் வாசலுக்குக் கொண்டுவந்ததில்லை. ஆனால் அது வீட்டில். அலுவலகத்தில் நான் தரவு பார்ப்பவள். இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

கைதட்டலை நிறுத்தச் சொல்லிவிட்டார் திட்ட அலுவலர். "அட்டவணை இருக்கட்டும். கலர் நல்லாருக்கு," என்றார்.

அதற்கடுத்த மாதங்களில் ஓர் அதிசயம் நடந்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். கூட்டத்துக்கு வந்தார்கள், கதை நேரத்தில் உட்கார்ந்தார்கள், இசக்கி கடையிலிருந்து பழம்கூடக் கொண்டுவந்தாள். அட்டவணையில் ஏற்ற இறக்கம் இல்லாத அழகான கோடுகள். என் முயற்சி பலித்துவிட்டது என்று மாவட்டக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். அப்போதுதான் நான் முன்னோடி ஆனேன்.

உண்மையில் பலித்தது பேச்சி டீச்சரின் முயற்சி. தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவர் காதோடு கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "அரைக் கிலோ குறைச்சு எழுதுங்க டீச்சர்." அவரும் எழுதினார். சுவரில் சுமாரான எண் இருந்தால் யார் கண்ணும் அங்கே நிற்காது. மறுபக்கம், சிவப்பு வந்தால் மேடம் வீட்டுக்கு வந்து பிரசங்கம் செய்வார் என்று பயந்த தாய்மார்கள், மெலிந்த பிள்ளையின் கால்சட்டைப் பையில் ஆற்றுக் கூழாங்கல்லைப் போட்டு அனுப்பினார்கள். கனமான பிள்ளை இறங்கி வர, லேசான பிள்ளை ஏறி வர, எல்லாருமாக நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். அந்த ஒற்றுமையைத்தான் நான் மாவட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதாக இல்லை. இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் என் மகன் ஒரு செம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தால் நான் படிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்ப்பேன். "தாகம் எடுத்தா குடிக்கிறதுக்குக்கூட ஒங்ககிட்ட எழுதிக் கேக்கணுமாம்மா?" என்பான். அவன் பன்னிரண்டாம் வகுப்பு, அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் விருப்ப ஓய்வு வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் எல்லாரிடமும் வேறுமாதிரி சொல்லிவைத்திருக்கிறான்.

கைதட்டலுக்கு அடுத்த வருடத்துச் சாரல் காலம் அது. நாள் முழுக்க ஊசித்தூறல், ஈரக்காற்று. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத நாட்கள். நான் மையத்துக்குள் நுழைந்ததும் உதவியாளர் செண்பகம் புலம்பலை ஆரம்பித்தார்.

"மேடம், எனக்கு வேற மையத்துக்கு மாத்தல் வாங்கித் தாங்க. இந்த முகிலன் பய பானைத் தண்ணிய ஒத்தையாக் குடிச்சுத் தீக்கான். குடிச்சுட்டுப் பாய் பூரா நனைக்கான். இந்த மழையில பாய எங்கன போய்க் காயப்போட? இதுல எறும்பு வேற, மூலையில மொய்க்கு."

நான் நிலைமையை ஆராய்ந்தேன். பிள்ளைக்குக் கழிப்பறைப் பழக்கம் சரியாக வரவில்லை. பெற்றோருக்கு ஆலோசனை தேவை. இசக்கியை வரச்சொல்லி அவளுக்கு ஒரு படத்தை விரித்துக்காட்டி நெடுநேரம் பேசினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். முகம் வாடியிருந்தது. குறிப்பில் 'தாய் நன்கு ஒத்துழைத்தார்' என்று எழுதினேன்.

பிறகு வழக்கம்போல முகிலனைத் தூக்கினேன். சட்டென்று வந்துவிட்டான். அந்த நாட்களில் நான் காலையில் யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தோளில் பலம் ஏறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போய் என் கணவரிடம்கூடச் சொன்னேன். இரண்டாவது முறை போனபோது இன்னும் லேசாக வந்தான். யோகா ஆசிரியைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

மூன்றாவது முறை போனது எடை பார்க்கும் நாளில். முகிலன் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் சரட்டால் கட்டியிருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. என் கணவருக்குச் சர்க்கரை. தண்ணீர், சிறுநீர், எறும்பு, மெலிவு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக எனக்குத் தெரியும். நான்கு வயதுப் பிள்ளையில் இவற்றைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சுவரைப் பார்த்தேன். அவன் கோடு நேராக இருந்தது. போன மாதம் பதினாறு. அதற்கு முந்தின மாதம் பதினாறு. அதற்கும் முன்னால் பதினாறு.

"எடை குறையலையே டீச்சர்," என்றேன். சொல்லும்போதே எனக்குப் பெரிய ஆறுதல். "எடை குறையலன்னா பயப்பட ஒண்ணும் இல்ல. சளியா இருக்கும்."

வாசலில் நின்றிருந்த இசக்கி உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர்... போன மாசம் நீங்க கழிக்கவே இல்லேல்லா?"

பேச்சி டீச்சரின் முகம் வெளுத்தது.

"என்னத்தக் கழிக்க?" என்றேன்.

"நான்தான் கழிக்காண்டாம்னு சொன்னேன் மேடம்," என்றாள் இசக்கி. "மொதல்ல அரைக் கிலோ கழிச்சு எழுதச் சொன்னேன். அவன் ஏற ஏற ஒரு கிலோவுக்கு மேலேயே கழிச்சாவ. பொறவு பய லேசா வாடினாப்பல இருந்துச்சு. இனிக் கழிக்காண்டாம், உள்ளதையே போடுங்கன்னு சொன்னேன். குறைஞ்சுட்டான்னு சுவத்துல தெரிஞ்சா அதுக்கும் நாலு பேரு வாய் வைப்பாவல்லா."

அந்த நேர்க்கோட்டை நான் இன்னொருமுறை பார்த்தேன். பிள்ளை ஏறும்போது கழித்திருக்கிறார்கள். இறங்கும்போது கழிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தாயின் பயமும் ஒரு டீச்சரின் இரக்கமும் சேர்ந்து, ஒரு பிள்ளை கரைந்து போவதை அப்பழுக்கில்லாத நேர்க்கோடாக வரைந்திருந்தன. அதற்குக் கீழே என் கையெழுத்து.

அவனைத் தூக்கித் தராசில் நிறுத்தினோம். நிற்க முடியாமல் டீச்சரின் மேல் சாய்ந்தான். எண்ணை நான் சத்தமாகப் படிக்கவில்லை. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

கணேசனின் ஆட்டோவில் போனோம். சீசன் கூட்டம். தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாக ஊரே அருவியை நோக்கி எதிரே வந்துகொண்டிருந்தது. அவர் ஹாரனில் கை வைத்தது வைத்தபடி, "ஏலே வழிய விடுங்கலே, ஏலே வழிய விடுங்கலே," என்று அழுதுகொண்டே ஓட்டினார். தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவன் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்தார். மெஷின் எண் எதையும் காட்டவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும் காட்டியது. அளக்க முடியாத அளவுக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தமாம்.

"எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா," என்றாள் இசக்கி.

"அளவு தாண்டிருச்சு."

"சரி, எவ்வளவு? நம்பரச் சொல்லுங்க. தயவுசெஞ்சு நம்பரச் சொல்லுங்க."

டாக்டர் ஓடி வந்தார். சிறுவர்களுக்கு வரும் சர்க்கரை நோய், உடம்பில் இன்சுலின் அறவே இல்லை, இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆம்புலன்சில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். அவன் கண்ணைத் திறந்து, "பசிக்கு" என்று சொன்ன செய்தி போனில் வந்தபோது நான் திட்ட அலுவலரின் அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கழித்தது, கூழாங்கல், யோகா உட்பட. பொரிகடலைக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். 'ரொம்ப சந்தோஷம்' வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எல்லா மையத்துலயும் மறுபடி எடை பாருங்க. உள்ளதை உள்ளபடி ஏத்துங்க," என்றார். "சுவத்துல உள்ளதைக் கிழிச்சிருங்க."

"ஒரே மாசத்துல எல்லாம் மாறித் தெரியுமே மேடம். மேல இருந்து கேப்பாங்களே."

"கேப்பாங்க. நான் பதில் சொல்லுதேன்."

கேட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் கொழுத்த பிள்ளைகள் ஒரே மாதத்தில் மேலும் கொழுத்துவிட்டதாகவும் மெலிந்தவை மேலும் மெலிந்துவிட்டதாகவும் செயலி அலறியது. இதுவரை ஏற்றியது பிழை, இதுதான் சரி என்று அந்த அம்மா வீடியோ கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். பேச்சி டீச்சர் பெயரையோ என் பெயரையோ சொல்லவில்லை. யாரோ மேலதிகாரி ஏதோ கடுமையாகப் பேசினார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம் சார்," என்றார்.

அதன்பிறகு நாங்கள் செய்த மாற்றத்தைத்தான் இப்போது பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். பெரிதாக ஒன்றுமில்லை. தராசை ஒரு சேலைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். பிள்ளையும் அதைக் கூட்டிவந்தவரும் மட்டும் உள்ளே. எண்ணை அவர்களே படித்து, பிள்ளையின் அட்டையில் அவர்களே புள்ளி வைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு டீச்சர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுவார். அட்டை அவர்கள் கையோடு வீட்டுக்குப் போய்விடும். வெளியே வருமுன் ஒரு கேள்வி: வீட்டில் பிள்ளையிடம் ஏதாவது மாறியிருக்கிறதா? தூக்கம், தண்ணீர், விளையாட்டு, கோபம் எதுவானாலும். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். எடை பார்த்த கையோடு யாராவது உப்பு மிளகாய் சுற்றிப்போட விரும்பினால் மையத்தின் பின்புறம் போட்டுக்கொள்ளலாம். இது வாய்மொழி உத்தரவு. திரைக்குப் பின்னால் தகப்பன்மார்களும் வர ஆரம்பித்தார்கள். கைதட்டலுக்கு வராதவர்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுது இருக்கிறது.

முகிலனை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இசக்கிக்கும் கணேசனுக்கும் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். தினமும் போட வேண்டும், ஒருவேளைகூட விடக் கூடாது. கணேசன் எத்தனையோ தடித்த முதுகுகளை அலற அலறத் தேய்த்துவிடுபவர். ஊசி நுனியைக் கண்டதும் சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆகவே இசக்கிதான் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்த சில நாளில் அவள் எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், ஊசிய இன்னைக்கு நிறுத்திட்டேன்."

"என்னது?"

"இது நோயில்ல மேடம். எங்க ரெண்டு வீட்டுலயும் யாருக்கும் சர்க்கரை கிடையாது. இது கண்ணு. அன்னைக்கு நீங்க பதினேழு கிலோன்னு சொல்லி எல்லாரையும் தட்டச் சொன்னியல்லா, அன்னையில இருந்துதான். ஒங்களத் தப்பாச் சொல்லல. எடுக்க வேண்டியத எடுத்துட்டா சரியாயிரும். பச்சப்புள்ளையக் குத்திக் குத்தி..." போனை வைத்துவிட்டாள்.

பேச்சி டீச்சரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். போகும் வழியெல்லாம் என் பைக்குள் கணையத்தின் படம் இருந்தது. மண்டைக்குள் வேறொன்று இருந்தது. மனையியல் பட்டம் வாங்கியவள், கணையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள், 'ஒருவேளை அன்றைக்குத் தட்டியதுதானோ' என்று ஆட்டோவுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முகிலன் முற்றத்தில் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தான். காலை ஊசி போடவில்லை. வெந்நீர் அடுப்பில் கங்கு கனன்றது. இசக்கி கையில் உப்பும் மிளகாய் வற்றலும் தெருமண்ணும். பக்கத்தில் கணேசன் நின்றிருந்தார்.

நான் படத்தை விரித்தேன். அவள் பார்க்கவில்லை.

"இசக்கி, ஊசியப் போட்டுட்டு அப்புறம் இதச் செய்யி," என்றார் பேச்சி டீச்சர்.

"மொதல்ல இது டீச்சர். இது எடுபட்டுட்டா ஊசி எதுக்கு?"

"எடுபடலன்னா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணு இருந்தா மொளகா நெடி வராது மேடம். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும். என் மகனுக்கு எத்தனை தடவை சுற்றியிருக்கிறேன்.

பையனை நடுவில் நிறுத்தி மூன்று முறை சுற்றினாள். "துப்புலே." அவன் மூன்று முறை துப்பினான். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் துப்புங்க மேடம். தட்டினது நீங்கதான்." நானும் அவள் கைக்குள் மூன்று முறை துப்பினேன். அவள் எல்லாவற்றையும் கங்கில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது.

பெரியவர்கள் நான்கு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நெடி வரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியிடம் எதை வேண்டுகிறோம் என்ற வெட்கமெல்லாம் அப்போது இல்லை.

முதலில் இருமியது கணேசன். அடுத்து பேச்சி டீச்சர். அப்புறம் எனக்குத் தொண்டையில் ஓர் ஆணி இறங்கியதுபோல இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து, "ஏட்டி இசக்கி, என்னத்தட்டி போட்டுக் கொளுத்துத? மனுசர் இருக்காண்டாமா?" என்று இருமலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"மொளகா புதுசுட்டி, அதான்," என்றார் கணேசன் இசக்கியிடம், சமாதானமாக.

இசக்கி புகைக்குள் நின்று கண்ணும் மூக்கும் ஒழுக, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடி நெடியா?" என்றாள் மெதுவாக. "அப்பம் கண்ணு இல்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பம் இது நோய்தான்."

அவளுக்கு அதைவிடக் கெட்ட செய்தி வேறு இருந்திருக்காது. அந்த இடத்தில் ஒரு நல்ல மேற்பார்வையாளர் என்ன ஆறுதல் சொல்லியிருப்பாரோ எனக்குத் தெரியாது. எனக்கு முதலில் வந்த நினைப்பு, 'அப்படியானால் நான் கைதட்டியது இல்லை' என்பதுதான். அப்படியே திண்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். புகையால் என்று டீச்சரிடம் சொன்னேன்.

இசக்கி குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு விரல் இடுக்காகத் தேய்த்தாள். குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானைக்குள் வைத்திருந்த மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

"எத்தனை கோடுன்னு அந்தத் தாள்ல இருக்கு. சத்தமாப் படிங்க மேடம்."

படித்தேன். அவள் அந்த எண்ணைத் தானும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தாள். கணேசன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். முகிலன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைத் தானே வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.